விலை என்ன? சீட்டைப் பாருங்கள்!

ஜெர்மனியின் குளிர்காலச் சந்தையில் கம்பளித் துணிக்குக் கட்டும் சிறிய அட்டையின் கதை

டிசம்பர் மாதம். மாலை 5 மணி.

பொழுது எப்போதோ சாய்ந்துவிட்டது. பேசினால் வாயிலிருந்து புகை போல ஆவி வருகிறது. காது மடல் சில்லிட்டுப் போகிறது. கையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே மனம் வரவில்லை.

ஆனாலும் கடைவீதியில் கூட்டம்! தோளோடு தோள் உரச மக்கள் நடந்து போகிறார்கள். மரத்தால் செய்த சின்னச் சின்னக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் மஞ்சள் விளக்கு எரிகிறது. வறுத்த பாதாம் பருப்பின் மணம் ஒரு பக்கம். இலவங்கமும் பட்டையும் போட்டுச் சுட்ட ரொட்டியின் மணம் மறுபக்கம்.

ஒரு கம்பளிக் கடை முன் ஒரு சிறுமி நிற்கிறாள். ஒன்பது வயது இருக்கலாம். அவள் கைக்குள் மடித்த 20 யூரோ நோட்டு ஒன்று இருக்கிறது. பாட்டிக்குக் கையுறை வாங்க வேண்டும்.

சாம்பல் நிறக் கையுறை ஒன்றை அவள் பார்க்கிறாள். அதில் ஒரு சிறிய பழுப்பு அட்டை தொங்குகிறது. அட்டையில் "18 €" என்று எழுதியிருக்கிறது. அவள் மனக்கணக்குப் போடுகிறாள். 20-ல் 18 போனால் மீதி 2. முகம் மலர்ந்துவிடுகிறது!

அவள் யாரிடமும் விலை கேட்கவில்லை. "பணம் போதுமா?" என்று பயப்படவில்லை. "சின்னப் பெண்தானே" என்று அவளிடம் யாரும் கூட்டிச் சொல்லவும் வழி இல்லை. நோட்டை நீட்டுகிறாள். கையுறையை வாங்குகிறாள்.

ஜெர்மனி நாட்டுக் குளிர்காலச் சந்தைகளில் இது அன்றாடம் காணக்கூடிய காட்சி. இந்தக் காட்சியின் கதாநாயகன் யார் தெரியுமா? அந்தச் சிறிய பழுப்பு அட்டைதான்!

இரண்டு விரல் அகலம். ஒரு முழ நூலில் நாலில் ஒரு பங்கு. ஒரு பென்சில் எழுத்து. இவ்வளவுதான் விலைச் சீட்டு. ஆனால் அதை ஒழுங்காகச் செய்வதற்கு நிறையக் கவனம் வேண்டும். நேர்மையாகச் செய்வதற்கு அதைவிட அதிகக் கவனம் வேண்டும்.

மரமும் துணியும் சேர்ந்த ஊர்

ஜெர்மனியின் தென்பகுதியில் பவேரியா மாநிலம் இருக்கிறது. அதில் நியூரம்பர்க் என்ற பழைய நகரம். சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் ஊர். பொம்மைகளுக்கும் இனிப்பு ரொட்டிக்கும் பெயர் பெற்றது.

அங்கே கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு சந்தை கூடும். "கிறிஸ்ட்கிண்டலஸ்மார்க்ட்" என்று அதற்குப் பெயர். "குழந்தை இயேசுவின் சந்தை" என்று பொருள் கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஞாயிறு இருக்கிறதல்லவா? அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சந்தை தொடங்கும். டிசம்பர் 24-ந் தேதி முடிந்துவிடும்.

மாதா கோவிலுக்கு முன்னால் உள்ள பெரிய சதுக்கத்தில் சுமார் 180 கடைகள் வரிசை வரிசையாக நிற்கும. கடைக்குச் சுவர் மரம். கூரை சிவப்பும் வெள்ளையும் கலந்த கோடு போட்ட துணி. "மரத்தாலும் துணியாலும் ஆன சின்ன ஊர்" என்றே இந்தச் சந்தையைச் செல்லமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சந்தை எவ்வளவு பழையது? அதைச் சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. அது ஒரு சிறிய மரப்பெட்டி. நியூரம்பர்க் நகரின் பொருட்காட்சிச் சாலையில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சந்தையை ஒட்டி ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அனுப்பிய பரிசுப் பெட்டி அது. பெட்டியின் அடியில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பெற்றவர் பெயர் இருக்கிறது. 1628 என்று ஆண்டும் இருக்கிறது.

விலை மட்டும் இல்லை!

அது ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் நியூரம்பர்க் நகரம் குண்டு வீச்சால் தரைமட்டமாயிற்று. 1945-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி விழுந்த குண்டுகள் பழைய ஊரை அடியோடு அழித்தன. ஆனாலும் 1948-ல் இடிபாடுகளுக்கு நடுவிலேயே சந்தை மறுபடி கூடியது. மக்களுக்கு அது அவ்வளவு முக்கியம்.

இப்போது அங்கே கம்பளிக் காலுறை, கையுறை, மப்ளர், குல்லாய், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு, மெழுகுவத்தி எல்லாம் விற்கிறார்கள். எல்லாவற்றிலும் விலை எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் பெரும்பாலான கடைகளில் விலை எழுதும் வழக்கம் இல்லை.

"பனி" என்றால் பன்னிரண்டு!

"இது என்ன விலை?"

"நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்?"

முன்பு பல நாடுகளில் வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. கடைக்காரர் ஏற்றிச் சொல்வார். வாங்குபவர் இறக்கிக் கேட்பார். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் முடியும்.

பேரம் பேசத் தெரிந்தவருக்கு இது நல்ல விளையாட்டு. தெரியாதவர் என்ன செய்வார்? வெளியூர்க்காரர் என்ன செய்வார்? கூச்சப்படுபவர்? குழந்தை? அவர்கள் அதிகம் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரே கையுறைக்கு நாலு பேர் நாலு விலை கொடுப்பார்கள்.

அப்போதும் பொருளில் சீட்டு கட்டியதுண்டு. ஆனால் அது வாங்குபவருக்கு அல்ல, கடைச் சிப்பந்திக்கு! அதில் எண் இருக்காது. எழுத்து இருக்கும். அது ரகசியக் குறி.

எப்படி என்று பாருங்கள். கடைக்காரர் பத்து எழுத்து உள்ள ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்துக்கொள்வார். ஓர் எழுத்து இரண்டு தடவை வரக்கூடாது. முதல் எழுத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று வரிசையாக எண் கொடுப்பார். பத்தாவது எழுத்துக்கு 0.

தமிழில் செய்து பார்ப்போமா? "பனிக்காலத் துணிகள்" என்று வைத்துக்கொள்வோம். ப, னி, க், கா, ல, த், து, ணி, க, ள். சரியாகப் பத்து எழுத்து!

இப்போது ஒரு மப்ளரில் "பனி" என்று சீட்டு தொங்குகிறது. வாங்க வந்தவர் பனிக்காலத்துச் சரக்கு என்று நினைத்துக்கொள்வார். சிப்பந்திக்கு மட்டும் உண்மை தெரியும். ப என்றால் 1. னி என்றால் 2. கடைக்காரர் வாங்கிய விலை 12! அதற்குமேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறக்கலாம்.

சரி, "துணி" என்று எழுதியிருந்தால் எவ்வளவு? வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். விடை: 78.

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குக்கூடப் புரியாத சீட்டு அது. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத விலை அது.

குழந்தையை அனுப்பினாலும் அதே விலை

இதை முதலில் மாற்றியவர்களில் ஒரு சிறிய கூட்டத்தார் உண்டு. இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர்கள் அவர்கள். ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் அவர்களுடைய தலைவர்.

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. "10 காசுக்கு விற்கத் தயாராக இருக்கும்போது 15 காசு என்று சொன்னால் அது பொய் அல்லவா? பொய் சொல்வது பாவம் அல்லவா?" என்றார்கள். ஆகவே அவர்கள் கடையில் ஒரே விலை. யார் வந்தாலும் அதே விலை.

முதலில் ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் கடைகளை ஒதுக்கினார்கள். பிறகு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டார்கள். ஒரு குழந்தையை அனுப்பினாலும், தாங்களே நேரில் போனால் என்ன விலையோ அதே விலைக்குச் சாமான் கிடைக்கிறது என்று கண்டார்கள். குவேக்கர் கடைகளுக்குக் கூட்டம் வந்தது. இதை ஜார்ஜ் பாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

உலகத்தின் மறுகோடியிலும் இதே யோசனை பிறந்தது! ஜப்பானில் 1673-ம் ஆண்டு மிட்சுயி தக்கதோஷி என்ற வணிகர் எடோ நகரத்தில் ஒரு துணிக்கடை திறந்தார். எடோதான் இன்றைய டோக்கியோ. அதுவரை அங்கே துணி வணிகர்கள் பணக்காரர் வீடுகளுக்குப் போய்க் கடனுக்கு விற்பார்கள். கடன் வர நாளாகும் என்பதால் விலையையும் ஏற்றிவிடுவார்கள். மிட்சுயி கடையில் ரொக்கம் கொடுக்க வேண்டும். ஆனால் ஏற்றிச் சொல்லும் விலை கிடையாது. சாதாரண ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

பாரிஸ் நகரத்தில் 1852-ம் ஆண்டு அரிஸ்டிட் பூசிக்கோ என்பவர் "பான் மார்ஷே" என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். பொருள்களில் விலையை எழுதிவைத்து விற்றார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம், வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை என்றார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜான் வானமேக்கர் 1861-ல் ஒரு உடுப்புக் கடை தொடங்கினார். விலைச் சீட்டை அந்த நாடு முழுவதும் பரவச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இப்படித்தான் ரகசியக் குறி போய், எல்லோரும் படிக்கக்கூடிய எண் வந்தது.

சட்டமும் அதையே சொல்கிறது

இன்று ஜெர்மனியில் விலை எழுதுவது கடைக்காரர் விருப்பம் அல்ல. சட்டம்! விலையைக் காட்டுவதற்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. பெரிய கடைக்கும் அதே விதி. ஒரு மாதம் மட்டும் நிற்கும் மரக்கடைக்கும் அதே விதி.

பார்வைக்கு வைத்த பொருளுக்கு விலை எழுதியிருக்க வேண்டும். வரி எல்லாம் சேர்ந்த முழு விலையாக இருக்க வேண்டும். "18 யூரோ" என்று எழுதிவிட்டு, பணம் வாங்கும்போது "வரி தனி" என்று சொல்லக்கூடாது. பார்த்த விலைதான் கொடுக்கும் விலை.

சந்தையில் சூடான பானத்தை அழகான பீங்கான் கோப்பையில் தருவார்கள். கோப்பைக்கு டெபாசிட் உண்டு. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வரும். அதனால் பானத்தின் விலையைத் தனியாகவும், கோப்பைக்கான டெபாசிட்டைத் தனியாகவும் எழுத வேண்டும்.

நம் நாட்டில் பொட்டலமாக வரும் பொருள்களில் "அதிகபட்ச சில்லறை விலை" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் விற்கக்கூடாது என்பது அதன் பொருள். ஜெர்மனியின் விலைச் சீட்டு அப்படி ஓர் உச்சவரம்பு அல்ல. கடைக்காரரே வைத்த விலை. எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வைத்ததை மறைக்கக்கூடாது!

கம்பளி நோகாமல் கட்ட வேண்டும்

சரி, சந்தைக்குச் சீட்டு எப்படித் தயார் செய்வது?

வீட்டில் பின்னிய கம்பளிச் சாமான்களை விற்கும் ஒரு தாயும் மகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தைக்கு முந்திய வாரம் அவர்கள் வீட்டு மேஜை முழுவதும் அட்டைதான்.

கனமான பழுப்பு அட்டையை 4 சென்டிமீட்டர் அகலம், 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுகிறார்கள். முனைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்குகிறார்கள். ஏன்? கூரான முனை கம்பளி இழையில் மாட்டி இழுத்துவிடும்.

மேலே ஒரு துளை போடுகிறார்கள். துளையைச் சுற்றி வளையம் ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பத்துப் பேர் கையில் எடுத்துப் பார்ப்பதற்குள் துளை கிழிந்துவிடும்.

ஊசி குத்தக் கூடாது. குண்டூசி வாங்குபவர் விரலில் ஏறும். துருப்பிடித்தால் வெள்ளைக் கம்பளியில் கறை பிடிக்கும். பசைச் சீட்டும் ஆகாது. பிய்க்கும்போது கம்பளியின் மயிரும் கூடவே வரும். பஞ்சு நூல்தான் நல்லது.

நூலையும் கண்ட இடத்தில் கோக்கக்கூடாது. பின்னலின் நடுவில் குத்தி இழுத்தால் இழை அறுந்துபோகலாம். ஓர் இழை அறுந்தால் பின்னல் ஏணி போலப் பிரிந்துகொண்டே போகும். ஆகவே ஓரத் தையலில் மட்டும் கட்ட வேண்டும். இரண்டு காலுறையையும் சேர்த்து ஒரே நூலில் கட்டிவிட்டால் ஜோடி பிரியாது.

அடுத்தது எழுத்து. டிசம்பர் மாதத்தில் பனி பெய்யும். தூறலும் விழும். சாதாரண மையால் எழுதினால் எண் கரைந்து ஓடிவிடும். பால் பாயின்ட் பேனாவோ கடுங்குளிரில் மை இறுகி எழுதாமல் மக்கர் செய்யும். பென்சில் எழுத்து நனைந்தாலும் ஓடாது. குளிரிலும் எழுதும். கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் தண்ணீரில் கரையாத மையால் வீட்டிலேயே எழுதி உலர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். மாலை 4 மணி தாண்டியதும் இருட்டிவிடும். விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். வயதானவர்கள் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து நிற்பார்கள். கையுறை போட்ட கையால் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதும் கஷ்டம். ஆகவே விலை முன்பக்கம், மற்றதெல்லாம் பின்பக்கம்.

ஒன்றா? ஏழா?

எண் எழுதுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது.

ஜெர்மனியில் 1 எழுதும்போது இடப்பக்கம் நீளமாக ஒரு கோடு இழுத்து மேலே ஏற்றி, பிறகு கீழே இறக்குவார்கள். அது நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும்! அப்படியானால் 7-ஐ எப்படி எழுதுவார்கள்? நடுவில் குறுக்கே ஒரு சிறு கோடு போடுவார்கள். கோடு இருந்தால் ஏழு. இல்லாவிட்டால் ஒன்று. அந்த ஒரு சிறு கோட்டை மறந்தால் 17 யூரோவா, 11 யூரோவா என்று தகராறு வந்துவிடும்.

இன்னொன்று. நாம் பன்னிரண்டரை ரூபாயை 12.50 என்று எழுதுகிறோம். அவர்கள் 12,50 என்று எழுதுகிறார்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முதலில் திகைப்பார்கள்.

காலுறைக்கு அளவும் எழுத வேண்டும். அங்கே 38/39, 42/43 என்று இரண்டு எண்ணாகக் காலுறை அளவு வரும். விலைக்குப் பக்கத்திலேயே அளவை எழுதினால் என்ன ஆகும்? "42 யூரோவா!" என்று ஒருவர் பயந்து ஓடிவிடுவார். ஆகவே விலைக்குப் பக்கத்தில் யூரோ அடையாளம் போட வேண்டும். அளவைப் பின்பக்கம் "அளவு" என்ற சொல்லோடு எழுத வேண்டும்.

பின்பக்கத்தில் இன்னொன்றும் முக்கியம். என்ன நூல்? ஐரோப்பிய நாடுகளில் விற்கும் துணிகளில் எந்த இழை எத்தனை பங்கு என்று குறிப்பிட வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு விதி. காலுறை பின்னும் நூலில் பெரும்பாலும் 75 பங்கு கம்பளியும் 25 பங்கு நைலான் இழையும் இருக்கும். நைலான் கலந்தால்தான் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழாது. அதை "சுத்தக் கம்பளி" என்று எழுதக் கூடாது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

அட்டை வெட்டியாயிற்று. நூல் கோத்தாயிற்று. இனி எண்ணைப் போட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாயின் பென்சில் அங்கேதான் நின்றுவிடுகிறது. என்ன விலை போடுவது?

காலுறையின் கண்ணீர்க் கணக்கு

ஒரு ஜோடி காலுறை பின்ன 100 கிராம் நூல் வேண்டும். நூலின் விலை 10 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய நூல். சின்ன ஊசி. கையால் பின்னி முடிக்க 15 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் நிர்ணயிக்கிறது. 2025-ம் ஆண்டில் அது ஒரு மணிக்கு 12 யூரோ 82 சென்ட்.

இப்போது பெருக்கிப் பாருங்கள்.

15 மணி நேரத்துக்குக் கூலி 192 யூரோ 30 சென்ட். நூலையும் சேர்த்தால் 202 யூரோ 30 சென்ட்.

ஒரு ஜோடி காலுறைக்கு 202 யூரோவா! யார் வாங்குவார்கள்?

பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் பின்னிய காலுறை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, கைப்பின்னலுக்கு 30 யூரோ எழுதவே அந்தத் தாய்க்குக் கை நடுங்குகிறது. சரி, 30 யூரோவே போடட்டும். நூல் விலை 10 போனால் மீதி 20. அதை 15 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 1 யூரோ 33 சென்ட்! கடை வாடகை, விளக்கு, அட்டை, நூல் எல்லாம் இன்னும் கழிக்கவில்லை.

தன் வீட்டில் தானே பின்னி விற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துணைக்கு வராது. அவருக்கு அவரே முதலாளி, அவரே தொழிலாளி. முதலாளியாக இருந்துகொண்டு தன்னையே குறைத்துக்கொள்கிறார்.

இது ஜெர்மனிக்கு மட்டும் உள்ள கதை அல்ல. வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணும், கூடை முடையும் பெண்ணும், அப்பளம் இடும் பெண்ணும் விலை சொல்லும்போது சாமானின் விலையைக் கணக்கில் சேர்க்கிறார்கள். தங்கள் மணி நேரத்தைச் சேர்ப்பதில்லை. "சும்மா இருந்த நேரத்தில் செய்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். 15 மணி நேரம் சும்மாவா?

இதற்கு என்ன வழி? மகள் ஒரு யோசனை சொல்கிறாள்.

காது மறைக்கத் தலையில் கட்டும் கம்பளிப் பட்டை பின்னலாம். தடித்த நூல், பெரிய ஊசி. 50 கிராம் போதும்; விலை 5 யூரோ. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு 22 யூரோ போட்டால் நூல் போக மீதி 17. மணிக்கு 8 யூரோ 50 சென்ட் கிடைக்கிறது. இன்னும் குறைவுதான். ஆனால் 1 யூரோ 33 சென்ட் எங்கே, இது எங்கே!

கடையில் சின்னச் சாமான்கள் அதிகமாகவும் காலுறைகள் கொஞ்சமாகவும் தொங்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

அந்தக் காலுறைகளுக்கும் மகள் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறாள்: "கையால் பின்னியது. 15 மணி நேரம்."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. புலம்பவில்லை. உண்மையை எழுதினாள். விலையைப் பார்த்து முகம் சுளித்தவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார். வாங்காமல் போனாலும், "இவ்வளவு விலையா?" என்று கேட்கமாட்டார்.

பொய்ச் சீட்டும் உண்டு

அட்டை அப்பாவி. எழுதுகிறவர் கை எதை எழுதினாலும் சுமக்கும்.

இயந்திரத்தில் பின்னிய சரக்கை மொத்தமாக வாங்கி, "கையால் செய்தது" என்று சீட்டுக் கட்டி விற்பவர்கள் எந்தச் சந்தையிலும் இருக்கலாம். அப்படிச் செய்தால் ஏமாறுகிறவர் வாங்குபவர் மட்டும் அல்ல. பக்கத்துக் கடையில் நிஜமாகவே 15 மணி நேரம் பின்னிய பெண்ணின் பிழைப்பும் போகிறது.

இன்னொரு தந்திரம், பெரிய விலையை எழுதி அதன்மேல் கோடு அடிப்பது. "40 யூரோ" என்று எழுதி அடித்துவிட்டு "25 யூரோ" என்று கீழே எழுதுவார்கள். 15 யூரோ லாபம் என்று வாங்குபவர் மகிழ்வார். ஆனால் அந்தப் பொருள் ஒரு நாளும் 40 யூரோவுக்கு விற்றதே இல்லை!

இதைத் தடுக்க 2022-ம் ஆண்டு மே 28-ந் தேதி முதல் ஜெர்மனியில் ஒரு விதி வந்திருக்கிறது. விலையைக் குறைத்ததாக விளம்பரம் செய்தால், அதற்கு முந்திய 30 நாளில் அந்தப் பொருளுக்கு இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். நேற்று ஏற்றி இன்று இறக்கும் வித்தை இனிப் பலிக்காது.

சீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பாதுகாப்பு. திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் முழுப் பாதுகாப்பு.

கத்தரிக்கோல் சத்தம்

மறுபடியும் அந்தச் சிறுமியிடம் வருவோம்.

அவள் கையுறையை வாங்கிவிட்டாள். கடைக்கார அம்மாள் கேட்கிறாள்:

"பரிசா, பாப்பா?"

"ஆமாம். பாட்டிக்கு."

"அப்படியானால் விலைச் சீட்டை எடுத்துவிடட்டுமா?"

சிறுமி தலையை ஆட்டுகிறாள். கடைக்கார அம்மாள் கத்தரிக்கோலை எடுக்கிறாள். "கிரிச்" என்று ஒரு சத்தம். நூல் அறுந்து அட்டை தனியாக விழுகிறது. கம்பளியில் ஒரு தழும்பு இல்லை. ஓட்டை இல்லை. கறை இல்லை.

பரிசு கொடுக்கும்போது விலை தெரியக்கூடாது என்பது அங்கே வழக்கம். நம் வீடுகளிலும் அப்படித்தானே! கொடுத்தவர் அன்பை எண்ணிப் பார்க்க வேண்டுமே தவிர, காசை எண்ணிப் பார்க்கக் கூடாது.

அந்த 1628-ம் ஆண்டுப் பெட்டியில் விலை ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா? அது பரிசுப் பெட்டி. கொடுத்தவர் பெயர் போதும். பெற்றவர் பெயர் போதும்.

ஆகக்கூடி விலைச் சீட்டின் வாழ்வு கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. மழையில் கரையாத மையால் எழுதி, முனையை வட்டமாக வெட்டி, ஓரத் தையலில் பார்த்துக் கட்டிய அந்த அட்டை, கடைசியில் குப்பைக் கூடைக்குப் போகிறது.

போகட்டும். அதன் வேலை முடிந்துவிட்டது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, யாருடைய துணையும் இல்லாமல், யாரிடமும் ஏமாறாமல், தன் பாட்டிக்கு ஒரு ஜோடிக் கையுறை வாங்கினாள். பின்னிய கைக்கும் கூலி போய்ச் சேர்ந்தது. மீதி 2 யூரோ நாணயம் அவள் சட்டைப் பையில் இருக்கிறது.

அதில் வறுத்த பாதாம் பருப்பு வாங்கலாமா? அவள் அடுத்த கடைச் சீட்டைப் படிக்கப் போய்விட்டாள்!